டிடிஎஸ் சார்

டிடிஎஸ் சார், ஊராட்சி எல்லைக்குள் புதிதாக முளைக்கும் மனைப்பிரிவுகளில் பரவலாகக் காணப்படும் மனிதர். கூடுவாஞ்சேரி முதல் கோவைப் புறநகர் வரை, "கூட்டுக் குடிநீர் அடுத்த வருஷம் வந்துடும்" என்று பல வருஷமாகச் சொல்லப்பட்டுவரும் தெரு ஒவ்வொன்றிலும் ஒருவராவது இருப்பார். பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர். வங்கி, காப்பீடு, மின்வாரியம் என்று எண்களோடு புழங்கிய துறையிலிருந்து வந்தவரென்றால் முற்றிய நிலையில் இருப்பார். அடையாளம் காண்பது எளிது. சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில், அதைவிடச் சற்றுப் பருத்த, மூடி போட்ட மீட்டர் ஒன்று செருகியிருக்கும். வீட்டுக்கு வந்தவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பார். வந்தவர் வாயருகே கொண்டுபோகும்போது, "ஒரு நிமிஷம்" என்று வாங்கி மீட்டரை அதில் விட்டு எண்ணைக் காட்டுவார். விருந்தாளி அந்த எண்ணுக்கு ஒரு வார்த்தை பாராட்டுச் சொல்லிவிட்டுத்தான் தாகம் தீர்த்துக்கொள்ள முடியும்.

இவர் பிறவியிலேயே இப்படி இருப்பதில்லை. போர் போடும்போது உருவாகிறார். வீட்டு வேலை தொடங்குமுன் நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயைக் கிடத்திக்கொண்டு மனை முழுக்க நடப்பார். தேங்காய் எங்கே நிமிர்கிறதோ அங்கே தண்ணீர். அது வாஸ்து படித்த தேங்காய் என்பதால் பெரும்பாலும் ஈசானிய மூலையில்தான் நிமிரும். லாரி வந்து, தெருவெல்லாம் பாறைத் தூள் பறந்து, கடைசியில் தண்ணீர் பீய்ச்சியடிக்கும்போது குடும்பமே கைகூப்பும். அதன் சுயரூபம் குடிபுகுந்த பிறகுதான் தெரியும். பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. பக்கெட்டில் வெள்ளைத் திட்டு படியும், ஷவரில் பாதித் துளை அடைத்துக்கொள்ளும், ஹீட்டர் காயில் சுண்ணாம்புச் சட்டை போட்டுக்கொள்ளும். இவையெல்லாம் கடின நீருக்கு நேர்மையான சாட்சிகள். கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த நீரில் பருப்பு மெதுவாகத்தான் வேகும். சோப்பும் நுரைப்பதை விட்டுத் திரிதிரியாகப் படியும். மகளுக்கு முடி கொட்டுவதும் இதே தண்ணீரால்தான் என்று வீட்டில் ஒரு தனி வழக்கு ஓடும். அதில் தீர்ப்பு வருவதில்லை.

இந்தக் கட்டத்தில் பிளம்பரோ மருமகனோ சில நூறு ரூபாய்க்கு ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கிக் கொடுத்துவிடுகிறார். அன்றோடு அவருடைய இயற்பெயர் தெருவில் வழக்கொழிந்துவிடும்.

மீட்டரின் செயல்பாட்டை இங்கே விளக்கிவிடலாம். அதன் நுனியில் இரண்டு முனைகள் உண்டு. அவற்றுக்கிடையே நீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்து, அதைக் கொண்டு ஒரு லிட்டரில் மொத்தம் எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கும் என்று உத்தேசமாக ஓர் எண்ணைக் காட்டும். அவ்வளவுதான் அதன் வேலை. கல்யாண மண்டப வாசலில் தலை எண்ணும் ஆள் மாதிரி, உள்ளே போனவர்கள் எத்தனை பேர் என்று சொல்லும்; அதில் செருப்புத் திருட வந்தவன் எவன் என்று சொல்லாது. கிருமி கணக்கிலேயே வராது. மாடு இறங்கிக் கலக்கிய குட்டைத் தண்ணீரிலும் மழை பெய்த மறுநாள் அழகான எண் வரும். இளநீரில் விட்டாலோ, அதிலுள்ள பொட்டாசியத்தால் ஆயிரக்கணக்கில் ஓடும். சார் ஒருமுறை இளநீரைச் சோதித்துப் பார்த்திருப்பார். அந்த எண்ணை அவர் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்; இளநீர் குடிப்பதையும் நிறுத்தியிருக்க மாட்டார்.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500. அதன் 2012ஆம் ஆண்டுப் பதிப்பு, கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு ஆதாரமே இல்லையென்றால் 2000 வரை அனுமதிக்கிறது. சார் தன் வீட்டுத் தண்ணீரைப் பேசும்போது 2000ஐயும், எதிர்வீட்டுத் தண்ணீரைப் பேசும்போது 500ஐயும் எடுத்துக்கொள்வார். காலை நடைப்பயிற்சியில் நடக்கும் உரையாடல் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

"உங்க வீட்ல எவ்ளோ சார்?"

"980."

"அப்படியா? நம்ம வீட்ல 860தான். அதே தெரு, அதே பாறை. எல்லாம் கொடுப்பினை."

கோடையில் தன் எண் ஏறிவிட்டால் நடைப்பயிற்சி வேறு தெருவுக்கு மாறும். ஐப்பசி மழையில் நீர்மட்டம் உயர்ந்து எண் இறங்கியதும் பழைய தெருவுக்கே திரும்பும். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயம் என்பதால் சார் வீட்டிலும் அதற்கென ஒரு குழி உண்டு. வீடு கட்டி மிஞ்சிய மணலும் உடைந்த டைல்ஸும் அதில்தான் கிடக்கும்.

நாக்குக்கும் பக்கெட்டுக்கும் ஏற்கெனவே தெரிந்த செய்தியைத்தான் மீட்டர் எண்ணாகச் சொல்கிறது. நாக்குக்குத் தெரியாதவைதான் ஆபத்தானவை. அவற்றில் ஃபுளோரைடு முக்கியமானது. ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு வழியே இல்லையென்றால் 1.5. அதற்கு மேல் பல ஆண்டு குடித்தால் பல்லில் கறை ஏறும், அளவு கூடக்கூட எலும்பும் மூட்டும் இறுகும். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் வட்டாரங்களில் நிலத்தடிப் பாறையிலிருந்தே இது நீரில் கரைந்து வருகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப்பெயரிலேயே ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பும் சேர்ந்திருப்பது அதனால்தான். அந்தப் பக்கம் சம்பந்தி வீட்டுக்குப் போகும் டிடிஎஸ் சார், சொம்புத் தண்ணீரில் மீட்டரை விட்டு, "480! சம்பந்தி, நீங்க கொடுத்து வெச்சவர்" என்று கையைப் பிடித்துக்கொள்வார். சம்பந்தி சிரிப்பார். அந்தச் சிரிப்பில் தெரியும் பழுப்புப் பற்களைச் சார் வெற்றிலைக் கணக்கில் எழுதிவிடுவார்.

அடுத்தது நைட்ரேட். இதற்கு 45 மில்லிகிராம்தான் எல்லை, தளர்வே கிடையாது. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு அந்தப் பால் கரைக்கும் தண்ணீரில் நைட்ரேட் மிகுந்தால், இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உடம்பு நீலம் பாரிக்கக்கூடும். காய்ச்சினால் நைட்ரேட் போகாது. நீர் வற்றுவதால் அடர்த்தி கூடத்தான் செய்யும். வயல் உரமும் கழிவுநீரும் இதன் முக்கிய வழிகள். கழிவுநீர் வருகிற வழியை வாஸ்துவே வரைந்து கொடுத்திருக்கிறது. போர் ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில். செப்டிக் டேங்க் வாயு மூலையில், அதாவது வடமேற்கில். ஒரே மனைக்குள் பார்த்தால் இரண்டும் எதிரெதிர் ஓரம், நல்ல ஏற்பாடு. ஆனால் கிழக்குப் பக்கத்து வீட்டுக்காரரும் அதே வாஸ்துவைத்தான் பார்த்திருக்கிறார். அவருடைய வடமேற்கு மூலையும் சாரின் வடகிழக்கு மூலையும் ஒரே காம்பவுண்ட் சுவரின் இரு பக்கங்கள். கிணற்றுக்கும் கழிவுக் குழிக்கும் குறைந்தது 15 மீட்டர், அதாவது 50 அடி இடைவெளி வேண்டும் என்பது பொதுச் சுகாதாரப் பாடநூல் கணக்கு. இங்கே இடைவெளி ஒரு சுவரும் இரண்டு செம்பருத்திச் செடியும். தெரு முழுக்கச் சாஸ்திரப்படி வீடு கட்டியிருப்பதால், ஒவ்வொருவர் போருக்கும் கிழக்கு வீட்டுக்காரர் தவறாமல் ஏதோ அனுப்பிக்கொண்டிருக்கிறார். தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும், மணக்காது. மீட்டரில் 860.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியைப் பயன்படுத்தப் பயிற்சி தரும் ஏற்பாடு இருக்கிறது. கிருமி பார்ப்பதற்கென்று ஒரு சிறு பாட்டிலும் உண்டு. அதில் தண்ணீரை நிரப்பிக் கதகதப்பான இடத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக் கலப்பு இருக்கும் தண்ணீர் பெரும்பாலும் கறுத்துப்போகும். அந்த ஐவரில் ஒருவர் சாரின் தெருவுக்கே வீட்டு வேலைக்கு வருவதும் உண்டு. "உங்க வீட்டுத் தண்ணி பாட்டில்ல கறுத்துடுச்சு சார், காய்ச்சிக் குடிங்க" என்பார் அவர். சார் பொறுமையாக மீட்டரைக் காட்டி அவருக்கு விளக்குவார். அந்தப் பெண் பாட்டிலைத் துணியில் சுற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்.

சுத்திகரிப்பு என்பது டிடிஎஸ் சாரின் வாழ்வில் செலவு மிகுந்த பருவம். அது ஒரு விற்பனைப் பிரதிநிதியின் வருகையோடு தொடங்கும். அவர் இரண்டு டம்ளர் கேட்பார். ஒன்றில் போர் தண்ணீர், மற்றதில் தன் இயந்திரத்தின் ஆர்ஓ தண்ணீர். இரண்டிலும் உலோகக் கம்பிகள் கொண்ட ஒரு கருவியை வைத்து மின்சாரம் கொடுப்பார். சில நொடிகளில் போர் தண்ணீர் பழுத்துச் சிவந்து, கரும்பச்சையும் பழுப்புமாகச் சகதி மிதக்கும். ஆர்ஓ தண்ணீர் அப்படியே இருக்கும். "இதைத்தான் சார் நீங்க இத்தனை நாளா குடிச்சிருக்கீங்க" என்பார். மனைவி வாயைப் பொத்திக்கொள்வார். சார் செக் புத்தகத்தைத் தேடுவார். நடந்தது மின்பகுப்பு. உப்பு கரைந்த நீர் மின்சாரத்தைக் கடத்துகிறது. அதில் கம்பியின் இரும்பே கரைந்து சகதியாகிறது. டம்ளரில் மிதப்பது கம்பி. ஆர்ஓ தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு அதே கருவியை வைத்தால் அதுவும் சிவக்கும். பள்ளியில் வேதியியல் படிக்கும் பேத்தி இதைச் சொல்லிப் பார்ப்பாள். "பெரியவங்க பேசும்போது…" என்று தொடங்கி ஒரு பதில் வரும்.

ஆர்ஓ நல்ல சாதனந்தான். உப்பையும் ஃபுளோரைடையும் நைட்ரேட்டையும் பெருமளவு தடுக்கும். ஆனால் சாதாரண வீட்டு இயந்திரம் உள்ளே போகும் நீரில் முக்கால் பங்கு வரை வெளியே தள்ளிவிடும். 500க்குக் குறைவான தண்ணீருக்கு ஆர்ஓ கூடாது என்று 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதற்கு இந்த விரயமும் ஒரு காரணம். இயந்திரம் வந்த வாரத்தில் சாரின் எண் 18. தெரு முழுக்கச் செய்தி போகும். அடுத்த வாரம், தாதுச்சத்து இல்லாத தண்ணீர் எலும்புக்கு ஆகாது என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஒரு திருகைத் திருகச் சொல்வார். அந்தத் திருகின் வேலை, ஆர்ஓ சவ்வைக் கடக்காத தண்ணீரைக் கடந்த தண்ணீரில் கலப்பது. எண் 90 ஆகும். பல்லாயிரம் செலவழித்து 860ஐ 18 ஆக்கி, பிறகு மெக்கானிக்குக்கு விசிட்டிங் சார்ஜ் கொடுத்து 18ஐ 90 ஆக்கியதில் சாருக்கு முழுத் திருப்தி.

சாஃப்ட்னர் விஷயத்தில்தான் மீட்டர் அவரை உண்மையிலேயே கைவிடுகிறது. குளியலறைக்கும் வாஷிங் மெஷினுக்கும் போகும் தண்ணீரைப் பதப்படுத்த மாடியில் உருளை ஒன்று பொருத்துவார்கள். அதனுள் இருக்கும் ரெசின் மணிகள் கால்சியம், மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடும். பிடித்துப் பிடித்து நிறைந்ததும் உப்புக் கரைசல் விட்டுக் கழுவினால் மறுபடி தயார். கடினம் போய்விடும், சோப்பு நுரைக்கும். ஆனால் ஒரு உப்பு போய் இன்னொரு உப்பு வந்ததால் கரைந்திருக்கும் மொத்த உப்பு ஏறக்குறைய அதே அளவுதான். இம்மியளவு கூடவும் செய்யும். சார் முன்னும் பின்னும் மீட்டரை விட்டுப் பார்ப்பார். முன்னே 860, பின்னே 870.

"உங்க மெஷின் வேலையே செய்யல தம்பி."

"சார், இதுக்கு ஹார்ட்னஸ் பாக்கணும். டிடிஎஸ் குறையாது."

"உப்பத் தண்ணிக்கு உப்பு மூட்டை வாங்கச் சொல்றப்பவே நெனச்சேன்."

மெக்கானிக் கடினத்தன்மை கிட்டை எடுத்து, சிவந்த தண்ணீர் நீலமாகும்வரை சொட்டு எண்ணிக் காட்டுவார். துணி துவைத்த மனைவியும், "சோப்பு போகவே மாட்டேங்குது, வழுவழுங்குது" என்பார். ஒன்றும் எடுபடாது. நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போகும். அதில் இரண்டு எண்களும் தடித்த எழுத்தில் இருக்கும்.

மாமனார் ஊருக்குப் போனால் சாரின் ஆட்சி திறந்த கிணறு வரை நீளும். அங்கே பழைய ஏற்பாடுகள் உண்டு. ஊறலின் சவர்ப்பு குறையும் என்று கிணற்றில் நெல்லிக்கட்டை போட்டிருப்பார்கள். கலங்கல் தெளியக் குடத்தின் உள்புறம் தேத்தான்கொட்டையை உரசுவார்கள். கலங்கல் தெளிய அது உண்மையாகவே உதவும், கிருமிக்குப் போதாது. அதற்குப் பிளீச்சிங் பவுடர். தரமான பவுடரென்றால் 1000 லிட்டருக்கு உத்தேசமாக 2.5 கிராம். 2 மீட்டர் விட்டமுள்ள கிணற்றில் 4 மீட்டர் தண்ணீர் நின்றால் அது சுமார் 12,500 லிட்டர். தேவை 31 கிராம். பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பின் மேல் தெளிவை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்க வேண்டும்; வண்டலைக் கொட்டினால் கடினம் ஏறும். ஒரு மணி நேரமாவது கழித்துத்தான் இறைக்கலாம். சார் அரை மூட்டையைப் பிரித்து அப்படியே கவிழ்ப்பார். இரண்டு நாளைக்கு ஊரார் அந்தப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள். சார் மீட்டரை இறக்கி எண் ஏறியிருப்பதைக் கண்டு, பவுடரில் கலப்படம் என்று முடிவு செய்வார்.

இத்தனைக்கும் நடுவில் அவர் செய்யாமல் விடுவது ஒன்றுதான்: ஆய்வகத்துக்குப் போவது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. சென்னையில் கிண்டி கிங் நிலையத்திலும் தண்ணீர்ப் பரிசோதனை உண்டு. சார் மாதிரி எடுத்தாலும், பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில், தொட்டிக் குழாயைத் திறந்து முதலில் விழும் தண்ணீரைப் பிடித்து, காரின் டிக்கியில் வைத்துவிட்டு, அந்தப் பக்கம் வேலை வரட்டும் என்று காத்திருப்பார்.

முறையோ எளிது. மோட்டாரை சில நிமிடம் ஓடவிட்டுப் போரிலிருந்தே நேராகப் பிடிக்க வேண்டும். இரசாயனப் பரிசோதனைக்கு, அதே தண்ணீரால் நன்றாக அலசிய புதுக் கேனில் இரண்டு லிட்டர். கிருமிப் பரிசோதனைக்குக் கிருமி நீக்கிய பாட்டிலை ஆய்வகத்தில் கேட்டு வாங்கி, வாய்ப்பகுதியில் கை படாமல் பிடித்து, ஐஸில் வைத்து அன்றைக்கே சேர்க்க வேண்டும். வருகிற தாளில் ஃபுளோரைடு, நைட்ரேட், கடினத்தன்மை, இரும்பு, ஈ.கோலி என்று வரிசையாக இருக்கும்; எந்த இயந்திரம் வேண்டும், எது வேண்டாம் என்பதை அதைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம். ஒரு சாஃப்ட்னரின் விலையில் இப்படிப் பல பரிசோதனை செய்துகொள்ளலாம். கோடையில் ஒன்று, மழை முடிந்து ஒன்று என்று ஆண்டுக்கு இரண்டு போதும். ஆய்வகம் அரசு வேலை நாட்களில் திறந்திருக்கும்.