கறுப்புக் கோட்டும் தூண்டில் முள்ளும்

கே: கோர்ட் படங்களில் ஒன்றே ஒன்று பார்க்கலாம் என்றால் எது? (சாத்தூர்)

ப: 1959-இல் ஆட்டோ பிரெமிஞ்சர் எடுத்த 'அனாட்டமி ஆஃப் எ மர்டர்'. கொலையைக் காட்டவே மாட்டார். 160 நிமிஷமும் ஆளாளுக்குச் சொல்வதைக் கேட்டு நாமே தீர்ப்பெழுத வேண்டியதுதான்.

கே: நிஜக் கதையாமே? (பழனி)

ப: 1952-இல் மிச்சிகன் மாநிலத்தின் பிக் பே என்ற சிற்றூரில் மதுக்கடைக்காரரை ஒரு ராணுவ லெப்டினன்ட் சுட்டுக் கொன்றார். என் மனைவியைக் கெடுத்தவன் என்றார். அவருக்காக வாதாடி விடுதலை வாங்கித் தந்தவர் ஜான் வோல்கர். பல வருஷம் அரசு வக்கீலாக இருந்து, தேர்தலில் தோற்று, இந்தப் பக்கம் வந்தவர். 1958-இல் ராபர்ட் டிரேவர் என்ற புனைபெயரில் அதையே நாவலாக்கினார். அப்போது மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி! புத்தகம் பிய்த்துக்கொண்டு போனதும் நாற்காலியை உதறிவிட்டு மீன் பிடிக்கப் போய்விட்டார். படத்தில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் வக்கீலும் கோர்ட் மேஜையிலேயே தூண்டில் வேலை பார்க்கிறவர்தான்.

கே: கட்சிக்காரருக்கு வக்கீல் பொய் சொல்லித் தரலாமா? (விருத்தாசலம்)

ப: கூடாது. சட்டம் சொல்லித் தரலாம். இந்தப் படத்தின் உயிரே அந்தச் சந்துதான். கொலை கேஸில் தப்ப நாலு வழி என்கிறார் வக்கீல். அது கொலையே இல்லை, நான் செய்யவில்லை, செய்தது சட்டப்படி சரி, செய்தது தப்புதான் ஆனால் மன்னிக்க ஒரு காரணம் உண்டு. முதல் மூன்றும் உனக்கு ஆகாது என்று ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, சும்மா இருக்கிறார். விடையைச் சொல்லாமல் "யோசி, யோசி" என்று பிரம்பை ஆட்டும் கணக்கு வாத்தியார் மாதிரி. பையன் தானாகவே நாலாவதுக்கு வருகிறான்: அப்போது புத்தி பேதலித்திருக்கும் போல! அது உண்மையா? கடைசிவரை படம் வாயைத் திறக்காது.

கே: நம் ஊரில் இது எடுபடுமா? (தேனி)

ப: மிச்சிகனில் 1886-ஆம் வருஷத்துத் தீர்ப்பு ஒன்று கைகொடுத்தது: தப்பென்று தெரிந்தும் உந்துதலை அடக்க முடியாமல் போனால் குற்றமில்லை. இங்கே பழைய தண்டனைச் சட்டத்தின் 84-ஆவது பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 22. மனநோயால், செய்வது இன்னதென்றோ அது தப்பென்றோ தெரியாமல் இருந்திருக்க வேண்டும். "தெரியும், கைதான் கேட்கவில்லை" என்றால் உள்ளேதான்.

கே: நீதிபதியாக நடித்தவர் அசல் நீதிபதியா? (காரைக்குடி)

ப: அசல் வக்கீல். 1954-இல் செனட்டர் மெக்கார்த்தியை டிவி கேமரா முன் நிறுத்தி, வெட்கமாக இல்லையா என்கிற தொனியில் கேட்ட ஜோசப் வெல்ச்.

கே: எத்தனை ஆஸ்கர்? (ஓசூர்)

ப: ஏழு பரிந்துரை, விருது பூஜ்யம். 'பென்ஹர்' ரதம் ஓடிய வருஷம்.

கே: வக்கீலுக்கு ஃபீஸ் வந்ததா? (செங்கோட்டை, வக்கீல் குமாஸ்தா)

ப: அனுபவம் பேசுகிறது! புரோநோட்டில் கையெழுத்து வாங்கப் போகிறார் வக்கீல். டிரெய்லர் வீட்டையே இழுத்துக்கொண்டு கட்சிக்காரர் கம்பி நீட்டியாயிற்று. குப்பைத்தொட்டியும் ஒரு சீட்டும்தான் மிச்சம். கிளம்பியாக வேண்டும் என்று அடக்க முடியாத உந்துதலாம்.