ரோஜா வளர்க்க விரும்பும் வாழப்பாடிவாசிகளுக்கு

வாழப்பாடியில் ரோஜா வளர்க்க ஆசைப்படுபவர் முதலில் குப்பனூர் வழியாக ஏற்காட்டுக்குப் போக வேண்டும். மே மாதம், கோடை விழா நடக்கும் சமயமாகப் பார்த்துப் போவது உத்தமம். மலர்க் கண்காட்சியில் ரெண்டு மணி நேரம் சுற்றிய பிறகு மனசு இளகிக் கிடக்கும். நாற்றுப்பண்ணையில் விலை பேசத் தோன்றாது. கறுப்பு பாலிதீன் பையில் ஒரு சாண் செடி, அதன் தலையில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளாக ஒரு பூ. தயவுசெய்து மூக்கருகே கொண்டுபோகாதீர்கள். பெரும்பாலும் வாசம் இருக்காது. அது முன்கூட்டியே தெரிந்துவிட்டால் வாங்க மனசு வராது.

ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே மேகத்தில் நனைந்துகொண்டிருந்த செடியைக் காரின் பின்சீட்டில், முறுக்குப் பைக்கும் பலாப்பழத்துக்கும் நடுவே இறுக்கிச் சொருகி, கத்திரி வெயிலில் இறக்க வேண்டும். "ஒரு வாரம் நிழல்ல வெச்சுப் பழக்குங்க" என்று பண்ணைக்காரர் சொல்லியிருப்பார். அவர் சொல்வதைக் கேட்பதென்றால் நாம் ஏன் இத்தனை பெரிய படிப்பெல்லாம் படித்தோம்? வீட்டுக்கு வந்த அன்றே நட்டுவிடவும்.

இடம் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. காம்பவுண்டுச் சுவருக்கும் வாசற்படிக்கும் நடுவே, பைக் நிறுத்தியது போக நாலடி மிச்சமிருக்கும்; அதைத்தான் நாம் தோட்டம் என்கிறோம். ஒன்றரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் என்று குழியின் கணக்கை வேளாண் பல்கலைக்கழகத்தார் சொல்லியிருக்கிறார்கள். தோண்டிப் பாருங்கள். முதல் அரை அடியில் டைல்ஸ் துண்டுகள், அடுத்த அரை அடியில் மேஸ்திரி கொட்டி மூடிய சிமெண்ட் கலவை, அதற்கும் கீழே ஒரு பெயிண்ட் டப்பா மூடி. மண்ணைப் பார்க்கும் நேரத்தில் கடப்பாரை வளைந்திருக்கும். ரோஜாவுக்குச் சற்றே புளிப்புத் தன்மையுள்ள செம்மண் பிடிக்கும். நாம் கொடுப்பது சுண்ணாம்பு. போதாக்குறைக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். வாளியின் உட்புறம் வெள்ளையாகப் படிகிறதே, அதே சங்கதிதான் வேரடியிலும் படிகிறது. மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இளந்துளிர் மஞ்சளிக்கும்.

இனி வேலை உங்களுடையதல்ல. கேட் வழியாகப் போகிற வருகிறவர்கள் எல்லாரும் வைத்தியர்கள். "தண்ணி பத்தலைங்க" என்பார் பால்காரர். "தண்ணி ஜாஸ்திங்க" என்பார் கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர். டீத்தூள் சக்கை, முட்டை ஓடு, வெங்காயத் தோல், மீன் கழுவிய தண்ணீர், பஞ்சகவ்யம், சேகோ பாக்டரி பக்கம் சொந்தக்காரர் இருந்தால் ஒரு சாக்கு திப்பி. ஒருவர் மனசும் நோகக் கூடாது என்பதால் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் போட்டுவிடவும். செடி ஒன்றுக்குப் பத்துக் கிலோ தொழு உரம், தழைச்சத்து 6 கிராம், மணிச்சத்தும் சாம்பல்சத்தும் 12 கிராம் வீதம், அதுவும் கவாத்து செய்த பின் ஒரு முறை, ஜூலையில் ஒரு முறை என்று கையேட்டில் போட்டிருக்கும். ஆறு கிராமுக்குத் தராசு நகைக்கடையில்தான் இருக்கிறது. விட்டுவிடுங்கள்.

மூன்றாம் மாதம் ஓர் அதிசயம் நடக்கும். மஞ்சள் பூ வந்த கிளை நுனியிலிருந்து கறுத்துக் கீழே இறங்கிவர, அடியிலிருந்து பச்சைப்பசேலென்று ஒரு தண்டு சரசரவென ஆளுயரத்துக்குக் கிளம்பும். குடும்பமே கூடி நின்று போட்டோ எடுக்கலாம். கொஞ்சம் குனிந்து பார்த்தால், ஒட்டுக் கட்டிய பிளாஸ்டிக் நாடா இன்னும் அவிழ்க்கப்படாமல் தண்டை இறுக்கிக்கொண்டிருப்பதும், புதுத் தண்டு அதற்குக் கீழேயிருந்து வந்திருப்பதும் தெரியும். நீங்கள் இத்தனை நாள் முட்டை ஓடு போட்டு வளர்த்தது அடிச்செடியை. அதை முளையிலேயே கிள்ளி எறிந்திருக்க வேண்டும். இப்போது வீட்டில் யாரும் விடமாட்டார்கள்: "நல்லா வர்ற செடிய ஏன் வெட்டறீங்க?"

இத்தனைக்கும் பிறகு ஆசை விடவில்லை என்றால், மலையை விட்டுவிட்டுத் தெருவைப் பாருங்கள். ஓடு வேய்ந்த பழைய வீடு ஏதாவது ஒன்றில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், சோப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே ஒரு பன்னீர் ரோஜா நிற்கும். நாலடிப் புதர். பூ சின்னது; ரோஸ் நிறம், வெளி இதழ் வெளுத்து, உள் இதழ்கள் கசங்கினாற்போலச் சுருண்டிருக்கும். கடையில் வைத்து விற்கும் லட்சணம் கிடையாது. காலை ஆறு மணிக்குத் தெருமுனை திரும்பும்போதே வாசம் வந்து ஆளைக் கூப்பிடும். பத்து மணி வெயிலில் அந்த வாசம் கரைந்துபோகும். மறுநாள் தொட்டால் கையோடு உதிரும்.

தோட்டக்கலைக்காரர்கள் எட்வர்ட் ரோஜா என்று மாலைக்குப் பயிரிடச் சொல்வதும் ஏறக்குறைய இந்த வம்சம்தான். இதன் பூர்வீகம் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவு. அப்போது அதற்கு பூர்போன் என்று பெயர். அங்கே வேலிக்கு வைத்திருந்த சீனத்து ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் யாரையும் கேட்காமல் கலந்துகொண்டதில் பிறந்தது. 1817 வாக்கில் கண்டெடுத்து, பிறகு பாரிசுக்கு அனுப்பினார்கள். பின்னாளில் நம்மவர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிப் போன அதே தீவு. வெயிலும் வேலியும் பார்த்த குடும்பம் என்பதால் இதற்கு வாழப்பாடி புதிதல்ல. பளபளப்பான ஒட்டு ரகங்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் தங்கள் ஊருக்காக உண்டாக்கியவை. இதைப் புரிந்துகொண்டு வெயில் தாங்கும் ரோஜாக்களுக்காகவே ஆயுளைச் செலவிட்டவர்கள் கொடைக்கானல் வீரராகவன், கிரிஜா தம்பதி. ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுவிட்டு வந்த வீரராகவன், நம் நாட்டுக் காட்டு ரோஜாக்களைக் கொண்டு புது ரகங்களை உருவாக்கினார். நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். ஒரு குச்சி போதும்.

குச்சியைக் கேட்டு வாங்குவதில் ஒரு முறை இருக்கிறது.

"பெரியம்மா, ரோசாவுல ஒரு குச்சி ஒடிச்சுக்கட்டுங்களா?"

"கேட்டு வாங்குன செடி புடிக்காது கண்ணு. திருடி வெச்சாத்தான் வரும். நான் உள்ளார போயி உலை வெக்கறேன், நீயா ஒடிச்சுக்க."

அவர் உள்ளே போய் அரிசி களைகிற சத்தம் கேட்கும்வரை நிற்பது மரியாதை. பிறகு பென்சில் கனத்தில், பூத்து முடிந்த கிளையாகப் பார்த்து, நாலு கணு இருக்கும்படி வெட்டுங்கள். அடிப்பக்கம் சாய்வெட்டு, அதில் சோற்றுக்கற்றாழைச் சோற்றைத் தடவலாம். மேல்வெட்டில் ஒரு கோலிக்குண்டு அளவுக்குச் சாணி உருண்டை. ஈரம் போகாமல் காக்கும்; நட்ட குச்சி எது, விளக்குமாற்றுக் குச்சி எது என்று அடையாளமும் காட்டும். ஐப்பசி மழை ஈரத்தில் நட்டால் பாதி வேலையை வானம் பார்த்துக்கொள்ளும். பத்து நாளில் துளிர் வரும். அது குச்சிக்குள் இருந்த பழைய சேமிப்பு. வேர் பிடிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். வேர் விட்டதா என்று தினமும் பிடுங்கிப் பார்ப்பவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் உண்டு. அவரை அந்த மாதம் மாமனார் வீட்டுக்கு அனுப்பிவிடவும்.

சின்ன இடத்தில் செடி சின்னதாகவே இருக்க வேண்டுமானால் வருஷா வருஷம் அக்டோபரில் கத்தரிக்கோலை எடுக்க வேண்டும். முழங்கால் உயரத்துக்குமேல் கொஞ்சம் விட்டு, காய்ந்தது, உள்நோக்கிப் போவது, ஒன்றோடொன்று உரசுவது எல்லாவற்றையும் வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை தடவுங்கள். செடியை மொட்டையாகப் பார்த்ததும் வீட்டில் ரெண்டு நாள் பேச்சுவார்த்தை இருக்காது. ஒன்றரை மாதத்தில் மொட்டு விட்டதும் சமாதானம் ஆகிவிடும். ஆகாத பட்சத்தில் அது ரோஜாவால் வந்த பிரச்சினை அல்ல.

கேட்டைச் சாத்தி வையுங்கள். முள் என்பது நமக்குத்தான். வெள்ளாட்டுக்கு அது ஊறுகாய்.

பூத்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் கட்சி பிரியும். சாமிக்கு என்பார் அம்மா, தலைக்கு என்பாள் மகள், செடியிலேயே இருக்கட்டும் என்பீர்கள் நீங்கள். குல்கந்து செய்யலாம் என்று ஒருவர் கிளம்புவார். அதற்குக் கிலோக் கணக்கில் இதழ் வேண்டும். உங்கள் செடி ஒரு காலையில் ஏழெட்டுப் பூ கொடுத்தாலே பெரிய காரியம். குறைவதைச் சேலம் வ.உ.சி. மார்க்கெட்டில் வாங்கிச் சேர்க்க நினைக்காதீர்கள். மாலைக்கென்று வளர்ந்த பூவில் எந்த மருந்து, எத்தனை முறை அடித்தார்கள் என்பது அதைத் தின்னப்போகிற உங்களுக்குத் தெரியாது. வீட்டுப் பூவையே இதழ் பிரித்து, நிழலில் ஈரம் போக உலர்த்தி, ஒரு அடுக்கு இதழ், ஒரு அடுக்கு கற்கண்டுத் தூள் என்று கண்ணாடிப் பாட்டிலில் அடுக்கி, மொட்டை மாடி வெயிலில் மூன்று வாரம் வையுங்கள். ரெண்டு தேக்கரண்டி தேறும். பாட்டிலைத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவே வைக்க மறக்க வேண்டாம். எறும்பு உங்களுக்கு முன்பே கணக்குப் போட்டு வைத்திருக்கும்.