நோயாளியே வராத டாக்டர்

பல் மருத்துவம் படித்த பெண்ணுக்கு எங்கள் திருச்சியில் மூன்று வழிகள் உண்டு. கிளினிக் வைக்கலாம். எம்.டி.எஸ். என்ற மேற்படிப்பில் சேரலாம். இரண்டும் முடியாவிட்டால் கிளினிக் வைத்திருக்கும் பையனைக் கட்டிக்கொள்ளலாம். என் மகள் மூன்றையும் ஒதுக்கிவிட்டு எம்.பி.எச். படிக்கப் போகிறேன் என்றாள். பொதுச் சுகாதாரத்தில் முதுகலைப் பட்டம். அதிலும் குளோபல் ஹெல்த், அதாவது உலகத்தின் ஆரோக்கியத்தையே கவனிக்கிற பிரிவு. அதுவரை அவள் தன் அறையைக்கூடக் கவனித்ததில்லை என்பதை என் மனைவி நினைவூட்டினாள்.

செய்தி சொந்தபந்தத்துக்குப் போனது. "எம்.பி.ஏ.தானே? ஃபைனான்ஸ் எடுக்கச் சொல்லுங்க மாமா" என்றான் மைத்துனர் மகன். எண்பது தாண்டிய பெரியப்பா சுற்றி வளைக்கவில்லை. "அஞ்சு வருஷம் பல் டாக்டருக்குப் படிச்சிட்டு சானிட்டரி இன்ஸ்பெக்டர் வேலைக்கா போகுது புள்ள?" என்றார். என் அம்மாவின் கவலை வேறு. "ஒரு ஆளுன்னா பல்லைப் பிடுங்கிட்டு ஐநூறு ரூவா வாங்கலாம். ஊருக்கே வைத்தியம் பார்த்தா காசு யாரு குடுப்பா?" பொதுச் சுகாதாரத்தின் நிதிப் பிரச்சினையை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பொருளாதார அறிஞரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. ஊரார் பிள்ளைகளின் கல்விக் கடன் விண்ணப்பங்களைப் புரட்டியே என் பாதி சர்வீஸ் கழிந்தது. "இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்டு எத்தனையோ அப்பாக்களை வியர்க்க வைத்திருக்கிறேன். இப்போது மேஜைக்கு இரண்டு பக்கமும் நானே உட்கார வேண்டியிருந்தது.

முதலில் ஒரு வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை மையத்துக்குப் போனோம். வாசலிலேயே உலக நாடுகளின் கொடிகள். உள்ளே இருந்த தம்பி மகளின் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன் என் பட்ஜெட்டைக் கேட்டார். தொழில் தெரிந்தவர்.

"குளோபல் ஹெல்த் ஃபோகஸ் உள்ள எம்.பி.எச். வேணும்" என்றாள் மகள்.

"நோ இஷ்யூஸ் மேம். நான் சொல்ற யுனிவர்சிட்டியே குளோபல்தான். எல்லா நாட்டுப் பசங்களும் படிக்கிறாங்க."

"அதில்லை, பாடத்திட்டத்துல என்ன இருக்குன்னு..."

"பாடமெல்லாம் அங்க போய்ப் பார்த்துக்கலாம் மேம். ஜனவரி இன்டேக்கா, செப்டம்பரா?"

கிளம்பும்போது என்னை மட்டும் ஓரமாக அழைத்து, "சார், பிசினஸ் அனலிடிக்ஸ்னா ஸ்காலர்ஷிப் வாங்கித் தரேன்" என்றார். மகள் கையில் மட்டும் ஒரு மாதிரி எஸ்.ஓ.பி.யைக் கொடுத்தனுப்பினார். எதற்காக இந்தப் படிப்பைப் படிக்க விரும்புகிறேன் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதும் கட்டுரை அது. அந்த மாதிரி இப்படித் தொடங்கியது: சிறு வயதில் என் பாட்டி சிகிச்சை கிடைக்காமல் இறந்ததைக் கண்ணெதிரே கண்ட நான்...

வீட்டுக்கு வந்து இதைப் படித்தபோது அந்தப் பாட்டி, அதாவது என் அம்மா, எதிரே உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் யோசித்துச் சொன்னார்: "என்னையக் காலராவுல சாகடிச்சாத்தான் சீட்டு குடுப்பானா? சரி, போட்டுக்க. அப்படியே ஸ்காலர்ஷிப்பும் சேர்த்துக் கேளு." மகள் பாட்டியை உயிரோடு விட்டுவிட்டாள். பல் முகாம்களில் பார்த்ததை எழுதினாள். புகையிலை போட்டு வாய் வெந்துபோன பெண்கள் வரிசையில் வந்தார்கள். இவள் பல்லைப் பிடுங்கி அனுப்பினாள். முகாமுக்கு எதிர்க் கடையில் புகையிலைச் சரம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. பிடுங்க வேண்டியது பல் இல்லை என்று அங்கே தோன்றியதாம். இவ்வளவு நாளும் இதை எங்களிடம் சொல்லாமல் பல்கலைக்கழகத்திடம் சொல்லியிருக்கிறாள்.

பிறகு வீட்டிலேயே விசாரணையை ஆரம்பித்தோம். ஒரு நிறுவனத்தைப் பற்றி வங்கிக்காரன் முதலில் கேட்பது, பணம் எங்கிருந்து வந்தது என்றுதான். லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி 1898இல் ஆரம்பித்தது. ஆல்ஃபிரட் ஜோன்ஸ் என்ற கப்பல் முதலாளி வருடம் 350 பவுண்டு கொடுத்தார். அவருடைய கப்பல்கள் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தன. அடுத்த வருடமே லண்டனில் பாட்ரிக் மேன்சன் இன்னொரு பள்ளியைத் தொடங்கினார். காலனிகளுக்கு ஆள்வதற்கும் விற்பதற்கும் போகிற வெள்ளைக்காரர்கள் மலேரியாவில் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்பதே அன்றைய அவசரம். அங்கேயே பிறந்து அங்கேயே சாகிறவர்களின் ஆரோக்கியம் பாடத்திட்டத்தில் பிற்பாடு சேர்ந்தது. ரொனால்டு ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றைக் கிழித்து அதற்குள் மலேரியாக் கிருமி இருப்பதைக் கண்டுபிடித்தார். பிறகு லிவர்பூலில் வாத்தியார் வேலை, 1902இல் நோபல் பரிசு. கொசுவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

கிடைக்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. லண்டன் பள்ளிக்கு 1929இல் கெப்பல் தெருவில் கட்டடம் கட்டியபோது, பால்கனிகளில் கொசு, தெள்ளுப்பூச்சி, பேன் என்று சகல ஜீவராசிகளையும் தங்க முலாம் பூசி வைத்துவிட்டார்கள். மகள் படத்தைக் காட்டினாள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நம்ம மொட்டை மாடித் தொட்டியில இருக்கறதுக்கு முலாம் பூசல, அவ்வளவுதான்" என்றார்.

அமெரிக்கக் கதையில் பணம் இன்னும் தாராளம். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பொதுச் சுகாதாரப் பள்ளி 1916இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளைப் பணத்தில் பிறந்தது. இன்று ப்ளூம்பெர்க் பெயரைச் சுமக்கிறது. ஹார்வர்டின் பள்ளிக்கு 2014இல் 35 கோடி டாலர் கொடுத்து, ஹாங்காங்கில் நிலபுலன் வியாபாரம் செய்த டி.எச். சான் பெயரை வைக்கச் செய்தது அவர் குடும்பம். ரியல் எஸ்டேட் என்றதும் அதுவரை டிவி பார்த்துக்கொண்டிருந்த மைத்துனர் மரியாதையோடு திரும்பினார். எனக்குப் பிடித்தது அட்லாண்டாவில் உள்ள எமரி பல்கலைக்கழகத்தின் ரோலின்ஸ் பள்ளி. ரோலின்ஸ் குடும்பத்தின் தொழில்களில் பேர்போனது, வீடு வீடாகப் போய்க் கரப்பானுக்கும் கரையானுக்கும் மருந்து அடிக்கும் ஆர்கின் நிறுவனம். பூச்சி மருந்துக் காசில் பொதுச் சுகாதாரம்! வந்த பணத்துக்கும் போன பணத்துக்கும் இவ்வளவு பொருத்தத்தை என் சர்வீஸில் பார்த்ததில்லை.

ரோலின்ஸுக்குப் பக்கத்து வீடு, அமெரிக்க அரசின் நோய்க்கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. அது ஏன் வாஷிங்டனில் இல்லாமல் அட்லாண்டாவில் இருக்கிறது என்றால், 1946இல் அது தொடங்கியபோது அதன் முதல் வேலை மலேரியா ஒழிப்பு. அமெரிக்காவில் மலேரியா இருந்தது தெற்கு மாநிலங்களில். மறு வருடம் எமரி பல்கலைக்கழகம் 15 ஏக்கரைப் பெயருக்குப் பத்து டாலர் வாங்கிக்கொண்டு கொடுத்தது. அந்தப் பத்தையும் ஊழியர்கள் கைக்காசு போட்டுச் சேர்த்தார்களாம். நம் ஊரில் வில்லங்கச் சான்று எடுக்கிற அலைச்சலுக்கே அது போதாது.

பணத்தை விட்டுப் பாடத்துக்கு வந்தோம். எல்லாக் கல்லூரிகளின் கையேட்டிலும் ஒரே படம்தான். குனிந்து நிற்கும் மாணவி வெளிர் நிறம். சுற்றி நிற்கும் குழந்தைகள் அசல் மணப்பாறை. "இந்தப் படத்துல நீ எங்கம்மா நிப்ப?" என்று கேட்டேன். மகளுக்கும் அதே சந்தேகம் இருந்திருக்கிறது. குனிகிற இடத்துக்கு நிறம் போதாது. சுற்றி நிற்கிற இடத்துக்கு வயது கூடிவிட்டது.

பாடத்தைப் புரட்டினால் உலகம் அப்படியே நம் பக்கம் வந்து நிற்கிறது. காசநோயாளியைச் சானடோரியத்தில் படுக்கவைக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும், வீட்டாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து இல்லை என்று உலகத்துக்கு நிரூபித்தது 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மையம். முதல் முடிவுகள் 1959இல் வெளிவந்தன. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு ஆரம்பித்தார். 1993இலேயே ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் அதைப் பாடமாக்கிவிட்டது. என் அம்மா அங்கேதான் கண்புரை எடுத்துக்கொண்டார். "அப்ப நான் போய்ப் படுத்ததே படிப்புதானா?" என்றார்.

அமெரிக்காவில் படித்த ஒரு சீனியர் பெண்ணிடம் மகள் பேசினாள். எம்.பி.எச்.சில் பிராக்டிகம் என்று ஒன்று உண்டு. வகுப்பை விட்டு வெளியே போய் ஏதாவது ஓர் அமைப்பில் சில வாரம் வேலை செய்து காட்ட வேண்டும். குளோபல் ஹெல்த் மாணவர்கள் பெரும்பாலும் வெளிநாடு போவார்கள். இந்தப் பெண்ணும் ஆசையாகக் கென்யா, பெரு என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். பேராசிரியர் அவள் பாஸ்போர்ட்டைப் பார்த்து முகம் மலர்ந்து, கிருஷ்ணகிரிக்கு அனுப்பிவிட்டார். வீடு தேடிப் போய்ச் சிகிச்சை தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டம் 2021இல் தொடங்கிய மாவட்டம். மொழிபெயர்ப்பாளர் செலவும் மிச்சம். ஓசூர்க்காரப் பெண் அட்லாண்டிக் கடலை இரண்டு தடவை தாண்டி அடுத்த ஊருக்கு வந்து சேர்ந்தாள். டிக்கெட் யார் செலவு என்று கேட்டேன். பாதி அவளுடையது.

அந்தப் பேச்சில்தான் எங்களுக்குச் சில கேள்விகள் கிடைத்தன. பிராக்டிகத்துக்கு யார் செலவு? அங்கே என்ன ஆராய்வது என்பதை முடிவு செய்வது யார், கல்லூரியா, அந்த ஊர்க்காரர்களா? குளோபல் ஹெல்த் என்பது சொந்த ஆசிரியர்கள் உள்ள துறையா, இல்லை நாலு விருப்பப் பாடமும் ஒரு பூமி உருண்டைப் படமுமா? இந்தியாவிலிருந்து வந்து படித்தவர்கள் இப்போது எங்கே, என்ன வேலையில் இருக்கிறார்கள்? மகள் இவற்றை எல்லாக் கல்லூரிகளுக்கும் அனுப்பினாள். தரவரிசைப் பட்டியல்கள் பல மாதம் சொல்லாததைப் பதில்கள் ஒரு வாரத்தில் சொல்லிவிட்டன. சில இடங்களிலிருந்து பேராசிரியரே எழுதினார். சில இடங்களிலிருந்து அதே கையேடு மறுபடி வந்தது.

இதற்கிடையில் 2025 பிறந்தது. அமெரிக்கா உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகுகிறோம் என்றது. வெளிநாடுகளுக்கு உதவி வழங்கிவந்த அதன் அமைப்பான யூ.எஸ். எய்ட் ஜூலை முதல் தேதியோடு மூடப்பட்டது. அந்த நிதி போனதால், தரவரிசையில் முன்னணியில் நிற்கும் ஜான்ஸ் ஹாப்கின்ஸே உலகெங்கும் 2,000க்கு மேற்பட்ட வேலைகளை வெட்டியது. ஊருக்கே வைத்தியம் பார்த்தால் காசு யார் கொடுப்பார்கள் என்ற கேள்விக்கு இவ்வளவு நாளும் இருந்த பதிலில் பெரும்பகுதி அழிந்துபோனது. அம்மா இதைச் செய்தியில் கேட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை.

நான் கால்குலேட்டரை எடுத்தேன். ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் பொதுவாகச் சொத்து அடமானம். வெளிநாடு என்றால் 15 சதவீதம் நம் கையிலிருந்து மார்ஜின். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கிடையாது. வட்டிக்கு அப்படி ஓய்வு கிடையாது. இதையெல்லாம் எத்தனையோ பேரிடம் புன்னகையோடு சொல்லியிருக்கிறேன். எனக்கு நானே சொல்லும்போது புன்னகை வரவில்லை.

"உள்நாட்டுலயே பார்க்கலாமேம்மா" என்றேன். பட்டியலை அவள் ஏற்கெனவே வைத்திருந்தாள். திருவனந்தபுரம் அச்சுத மேனன் மையம் 1997இலிருந்து எம்.பி.எச். நடத்துகிறது, சென்னையில் அம்பத்தூருக்கு அந்தப் பக்கம் அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் இருக்கிறது. "ரெண்டுமே நல்ல இடம்ப்பா. எல்லா இடத்துக்கும் போட்டுட்டேன்" என்றாள். கூடவே ஒன்று சொன்னாள்: "நான் விசாரிச்ச சீனியர்ஸ்ல வேலை தப்பினவங்க எல்லாருக்கும் கணக்கு தெரியும்ப்பா. எபிடெமியாலஜி, பயோஸ்டாட்ஸ். பட்டத்துல குளோபல்னு எழுதியிருக்கறதால யாரும் வேலை குடுக்கலை. எண்ணத் தெரிஞ்சாத்தான் குடுக்கறாங்க."

ஆக, குளோபல் ஹெல்த் தேடிப் புறப்பட்டவள் அந்தச் சொல்லே பெயரில் இல்லாத படிப்பைத் தேர்ந்தெடுத்தாள். லண்டனில் எபிடெமியாலஜி, ஒரு வருடம். என் கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் வந்த இடம், கடன் இரண்டாம் வருடத்துக்கு நீளாத இடம். யாருக்கு நோய் வருகிறது, எங்கே, எப்போது, ஏன் அடுத்த தெருக்காரனுக்கு வரவில்லை என்று எண்ணிப் பார்க்கிற படிப்பு. 1854இல் அதே லண்டனில், காலரா சாவுகளைத் தெருத் தெருவாக எண்ணி ஒரு குடிதண்ணீர்ப் பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்த ஜான் ஸ்னோவின் வழி. மனிதர் வாழ்நாளில் பெரும்பகுதி மதுவைத் தொடாதவர். அந்தப் பம்பு இருந்த இடத்தருகே இன்று அவர் பெயரில் மதுக்கடை நடக்கிறது. உலகத்துக்கு நல்லது செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு மகளுக்கு இது ஒரு முன்னெச்சரிக்கை.

விசா வந்த வாரம் உறையூரிலிருந்து என் அக்கா வந்தார். கையில் ஒரு டப்பா பருப்புப்பொடி, மனசில் ஒரு மனு.

"தம்பி, எங்க தெருவுல சாக்கடை அடைச்சு ரெண்டு மாசமாச்சு. பாப்பா சுகாதாரம்தானே படிக்கப் போவுது? வந்து பார்க்கச் சொல்லேன்."

"அதுக்குக் கார்ப்பரேஷன்ல சொல்லணும்க்கா."

"சொல்லாமயா இருப்போம்? எத்தனை தடவை சொல்லியாச்சு. அடுத்த தெருவுக்கு வந்து அள்ளிட்டுப் போறான், எங்க தெருவுக்கு மட்டும் வரமாட்டேங்கறான். பாப்பாவும் பார்க்காதுன்னா அப்புறம் இது லண்டன் போய் என்னத்தைத்தான் படிக்குது?"

பெட்டி கட்டிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள்.

"அடுத்த தெருவுக்கு வர்றவன் உங்க தெருவுக்கு ஏன் வரலைன்னு கண்டுபிடிக்கத்தான் அத்தை."

அக்கா சற்று யோசித்தார். "அதுக்கு லண்டன் எதுக்குடி? நான் இங்கயே சொல்லிடுவேனே" என்று சொல்லிவிட்டுக் கவுன்சிலர் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்பதில் ஆரம்பித்தார். மகள் பெட்டியை மூடிவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.