நாற்காலிக்குக் கட்டிய காசு

இடம்: சென்னையில் ஓர் ஐந்து நட்சத்திர ஹோட்டல். நேரம்: ஞாயிறு மதியம் பன்னிரண்டரை. பேசுகிறவர்கள்: மயிலாடுதுறையில் முப்பது வருஷம் மெஸ் நடத்தி ஓய்ந்த சித்தப்பா, பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் வேலை பார்க்கும் அண்ணன் மகன் கார்த்தி. சித்தப்பா காலை ஏழு மணிக்கே ஆறு இட்லியை முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். இது கார்த்திக்குத் தெரியாது.

கார்த்தி: இதுக்குப் பேரு பிரஞ்ச், சித்தப்பா. காலைச் சாப்பாடும் மத்தியானச் சாப்பாடும் சேர்ந்தது. மூணரை மணி வரைக்கும் எவ்வளவு வேணா சாப்பிடலாம்.

சித்தப்பா: உங்க தாத்தா கோர்ட் குமாஸ்தா. தினம் பத்தரைக்கு முழுச் சாப்பாடு சாப்பிட்டுட்டுத்தான் கிளம்புவார். மூணு மணிக்கு டிபன். அதுக்கு யாரும் பேர் வைக்கலையேடா.

கார்த்தி: இது வேற. 1895ல கை பெரிங்கர்னு ஒரு இங்கிலீஷ்காரர் ‘ஹன்டர்ஸ் வீக்லி’ங்கற பத்திரிகையில எழுதினார். சனிக்கிழமை ராத்திரி ஆட்டம் போட்டவன் ஞாயித்துக்கிழமை சீக்கிரம் எந்திரிச்சு அவதிப்பட வேணாம், ரெண்டு வேளையையும் ஒண்ணாக்கிடலாம்னு.

சித்தப்பா: அப்ப இது குடிச்சவனுக்குப் பண்ணின ஏற்பாடு. நாம நேத்து ராத்திரி மோர்தானே குடிச்சோம்?

(கார்த்தி தட்டை எடுத்துக் கையில் கொடுக்கிறான். சித்தப்பா சாப்பாட்டைப் பார்க்கவில்லை. எது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கிறார். மெஸ் நடத்தியவர்களின் பார்வையே தனி.)

சித்தப்பா: கெட்டிக்காரன்டா இந்த ஆளு. வாசல்லயே ரொட்டி. அடுத்து சூப், அடுத்து பாஸ்தா. எல்லாம் வயித்தை அடைக்கிற சரக்கு, மலிவான சரக்கு. இறால் எங்க? அந்தக் கடைசி மூலையில. அங்கேயும் தொப்பி போட்ட ஒருத்தன் நிக்கிறான், இடுக்கியால ஒண்ணொண்ணா வைக்கிறான்.

கார்த்தி: அது லைவ் கவுண்டர், சித்தப்பா. கண்ணெதிர்ல சமைச்சுக் கொடுப்பாங்க.

சித்தப்பா: காவல்காரன்டா அவன். எவ்வளவு வேணா சாப்பிடலாம்னு எழுதிப் போட்டவன், எவ்வளவு வேகத்துல கொடுப்பேன்னு எழுதலை பாத்தியா?

கார்த்தி: உங்க மெஸ்லயும் ‘அளவில்லா சாப்பாடு’ன்னுதான் போர்டு இருந்துச்சு. அப்பளம் எத்தனை?

சித்தப்பா: ஒண்ணு.

கார்த்தி: ரெண்டாவது கேட்டா?

சித்தப்பா: பரிமாறுறவனுக்குக் காது கேக்காது. (சிரிக்கிறார்.) முதல் சாதத்தைக் குவிச்சுப் போட்டு சாம்பாரைத் தாராளமா ஊத்திடணும். ரசத்துக்கு வர்றப்பவே ஆளு அடங்கிடுவான். கூட்டுக்குச் சின்னக் கரண்டி. எல்லாம் ஒரே தொழில்தான், நான் ஒத்துக்கறேன். இது என்னடா பச்சையா, ரொட்டி மேல பூசியிருக்கான்?

கார்த்தி: அவகாடோ டோஸ்ட்.

சித்தப்பா: வெண்ணெய்ப் பழம்! தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குள்ள நிக்குமே.

கார்த்தி: இது ஹாஸ் ரகம். தான்சானியாவுல இருந்து வருது.

சித்தப்பா: தாண்டிக்குடியையும் தாண்டி தான்சானியாவா? (ஒரு வாய் கடித்துப் பார்த்து) உப்பு பத்தலை. அது சரி, இங்க தலைக்கு எவ்வளவு?

கார்த்தி: 3,200. வரி தனி.

(சித்தப்பா அதிரவில்லை. விரல்விட்டுக் கணக்குப் போடுகிறார்.)

சித்தப்பா: என் மெஸ்ல ஒருத்தன் சாப்பிடறப்ப, பின்னாடி ஒருத்தன் நாற்காலியைப் பிடிச்சுட்டு நிப்பான். மோர் சாதத்துக்கு வந்துட்டானான்னு தோள் வழியா எட்டிப் பாப்பான். பதினஞ்சு நிமிஷத்துல இலையை எடுத்தாகணும். மூணு மணி நேரத்துல ஒரு நாற்காலிக்குப் பன்னெண்டு பேர். சாப்பாடு 120 ரூபாய்னு வெச்சாலும் 1,440. இவன் ஒரே ஆளை உக்கார வெச்சு 3,200 வாங்கிடறான். பன்னெண்டு இலை போட வேணாம், எடுக்க வேணாம். உன் தட்டை நீயே தூக்கிட்டு நடக்கறே. இவன் சோத்தை விக்கலைடா. நாற்காலியை விக்கறான்.

கார்த்தி: விக்கட்டும், நான் வாங்கறேன். வாரம் முழுக்க மீட்டிங்ல கேமராவை அணைச்சுட்டு டப்பா சாப்பாட்டை முழுங்கறேன் சித்தப்பா. ருசி என்னன்னே தெரியாது. இங்க மூணு மணி நேரம் என்னை யாரும் எழுப்ப மாட்டாங்க. அதுக்குத்தான் காசு.

சித்தப்பா: அதைச் சொல்லு. இது நியாயமான பேச்சு.

(கார்த்தியின் போன் அதிர்கிறது. எடுத்துப் பார்க்கிறான். முகம் மாறுகிறது. மேஜைக்கு அடியில் தட்டச்சு செய்யத் தொடங்குகிறான்.)

சித்தப்பா: யாரு?

கார்த்தி: ஆபீஸ். ரெண்டு நிமிஷம்.

(அந்த இரண்டு நிமிஷம் நாற்பது நிமிஷமாக நீள்கிறது. அவனுடைய முட்டை ஆறிப்போகிறது. சித்தப்பா இதற்குள் இறால் கவுண்டருக்கு நாலு தடவை போய்வந்து, தொப்பிக்காரரின் சொந்த ஊர், சம்பளம், பெண்ணின் படிப்பு எல்லாம் விசாரித்துவிட்டார். நாலாவது தடவை அந்த மனிதர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கரண்டியாலேயே அள்ளிப் போட்டார்.)

கார்த்தி: முடிஞ்சுது. கிளம்பலாமா?

சித்தப்பா: எதுக்கு? மணி ரெண்டேகால்தான். நாற்காலிக்கு மூணரை வரைக்கும் காசு கட்டியிருக்கோம். உக்காரு.

(மூன்றரைக்கு பில் வருகிறது. இரண்டு பேருக்கு 6,400. சேவைக் கட்டணம் பத்து சதவீதம், 640. இரண்டையும் சேர்த்து அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆக மொத்தம் 8,307 ரூபாய் 20 காசு.)

சித்தப்பா: பதினெட்டு சரி. ஒரு நாள் ரூம் வாடகை 7,500க்கு மேல இருக்கற ஹோட்டல்னா சாப்பாட்டுக்கும் பதினெட்டுதான். என் மாதிரி மெஸ்ஸுக்கு அஞ்சு. ஆனா இந்த 640 எதுக்கு? தட்டைத் தூக்கினது நாம. பில் போட்டவரைக் கூப்பிடு.

கார்த்தி: சித்தப்பா, மானம் போகுது.

சித்தப்பா: 755 ரூபாய் போகுதுடா. கணக்குப் போட்டுப் பாரு.

(மேலாளர் வந்தார். சித்தப்பா குரலை உயர்த்தவில்லை. ‘தம்பி, இதை எடுத்துடுங்க’ என்றார், அவ்வளவுதான். மறுபேச்சில்லாமல் புது பில் வந்தது: 7,552. வெளியே போகிற வழியில் தொப்பிக்காரர் கையில் 200 ரூபாயை அழுத்திவிட்டுப் போனார்.)

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. சேவைக் கட்டணத்தைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அது செல்லும் என்றது. எடுக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.