கைவலிமை மட்டும் போதுமா?

கேள்வி: பேஸ்பால் ஆட அமெரிக்கா போன தினேஷ் பட்டேல் இரண்டே ஆண்டில் திரும்பிவிட்டாரே, நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்த ஆட்டம் எட்டாதா?
(வாசகர், ரிங்லெட், கேமரன் மலை)

பதில்: எட்டும், பத்து வயதில் பந்தைக் கையில் கொடுத்தால். உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த தினேஷும் ரிங்கு சிங்கும் 2008இல் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்ற பந்தெறியும் போட்டியில் தேர்வானபோது பேஸ்பால் என்னவென்றே அறியாதவர்கள். மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்து ரிங்கு முதலிடம் பிடித்தார். சில மாதப் பயிற்சியிலேயே, அதே ஆண்டு நவம்பரில், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. ஆகவே கையில் குறையில்லை. 2010 முடிவில் தினேஷை அணி விடுவித்ததற்குக் காரணம் வயது என்றே நினைக்கிறேன். எதிரே மட்டை பிடித்தவர்கள் பால்ய வயதிலிருந்தே அந்தப் பந்தோடு வளர்ந்தவர்கள். எந்தப் பந்தை எப்போது, எந்த ஓரத்தில் எறிவது என்ற கணக்கு இரண்டு வருடத்தில் உடம்பில் ஊறாது.

ரிங்கு நிலைத்தாரே என்று கேட்கலாம். 2009இல் அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால் ஆட்டமொன்றில் வெற்றி பெற்ற முதல் இந்தியர் அவர். மதிக்க வேண்டிய சாதனை. ஆனால் அவரும் கீழ்நிலைத் தொடர்களைத் தாண்டவில்லை. காயங்கள் தடுத்தன, பிறகு மல்யுத்தத்துக்குப் போனார். இனி நம் பிள்ளைகளுக்கு வருவோம். பந்தெறியப் பழகத் தேயிலைச் சரிவில் சமதரைக்கு எங்கே போவது என்பீர்கள். நியாயம்தான். ஆனால் மலேசியப் பள்ளிகளில் பேஸ்பாலை ஒத்த சாப்ட்பால் ஏற்கெனவே இருக்கிறது. பள்ளித் திடல் ஒன்றே தொடங்கப் போதும். உங்கள் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் சாப்ட்பால் பயிற்சி தொடங்கக் கேளுங்கள்.