வெயிலுக்கு வலை

கோடையில் காய்கறித் தோட்டம் போடுவது என்ற காரியமே எங்கள் ஊரில் கிடையாது. வலங்கைமான் பக்கம், குடமுருட்டிக் கரையில் ஒரு கிராமம். மேட்டூர் அணையை ஜனவரி 28-ஆம் தேதி மூடினால், ஜூன் 12-ஆம் தேதி திறக்கும்வரை ஆற்றை நம்ப முடியாது. பங்குனியில் ஆறு வெறும் மணலாகிவிடும். சித்திரையில் நாங்கள் அதில் கிட்டிப்புள் ஆடுவோம். ஆறே படுத்துவிட்ட மாசத்தில் அவரைக்கொடி மட்டும் எதற்காக நிற்க வேண்டும் என்பது எங்கள் அப்பாயியின் கட்சி. தை மாசத்தோடு அவரை ஓய்ந்துவிடும். பூசணி உறியில் ஏறிவிடும். பந்தலைப் பிரித்து மூங்கிலைக் கொல்லைச் சுவரோரம் சாத்தினால், ஆடி வரைக்கும் அதை யாரும் தொடமாட்டார்கள்.

இப்போது நான் சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில், மே மாத வெயிலில், தக்காளிச் செடிக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருக்கிறேன். பச்சை நிற நிழல்வலை. கடையில் ‘ஐம்பது பர்சென்ட்’ என்று கேட்டு வாங்க வேண்டும். வெயிலில் பாதியை உள்ளே விட்டு மீதியை வெளியிலேயே நிறுத்திவிடுமாம். எழுபத்தைந்தும் உண்டு, தொண்ணூறும் உண்டு. வெயிலைச் சதவீதம் போட்டுப் பிரிக்க அப்பாயி காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை. வந்ததை முழுசாக வாங்கிக்கொண்டார்கள்.

வாங்கி, வற்றல் போட்டார்கள். எங்கள் வீட்டில் கோடையின் விளைச்சல் என்றால் அதுதான். மாசி பங்குனியில் ஓயப்போகிற கத்திரிச் செடி கடைசியாகக் காய்த்துத் தள்ளுமே, அதை நாலாக வகிர்ந்து, உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீரில் ஒரு கொதி காட்டி, முற்றத்தில் பாய் விரித்துப் பரப்புவார்கள். கொத்தவரங்காய்க்கு மோர். மிளகாய்க்குத்தான் ஏகப்பட்ட மரியாதை. நுனியைக் கீறி, உப்புப் போட்ட புளித்த மோரில் ராத்திரி முழுக்க ஊறும். காலையில் வெயிலுக்குப் போகும். சாயங்காலம் திரும்பவும் அதே மோருக்கு வரும். மோர் மொத்தமும் மிளகாய்க்குள் போய்ச் சேருகிறவரை இந்தப் போக்குவரத்து ஓயாது. பிறகு வெளுத்து, கலகலவென்று காய்ந்து ஜாடிக்குள் இறங்கும். காக்காய் விரட்டப் பேரப்பிள்ளைகள். கூலி, பாதி காய்ந்த வடாம். அதற்கு ஆசைப்பட்டு நாங்கள் விரட்டியதைவிடத் தின்றது அதிகம் என்பது ஊருக்கே தெரியும், அப்பாயிக்கும் தெரியும்.

அதனால் வைகாசியில் பச்சைக் காய் இல்லையே என்று எங்கள் வீட்டில் யாரும் அங்கலாய்த்ததில்லை. வற்றல் குழம்பு, உறிப் பூசணி, மாங்காய், பலாக்கொட்டை என்று காலம் போய்விடும். தக்காளி என்ற நினைப்பே வராது. எங்கள் அடுப்படியில் புளிப்பு என்றால் புளிதான். தக்காளி விருந்தாளி வந்தால் ரசத்தில் மிதக்கும்.

கொல்லை காலியாகக் கிடந்தது என்று இதற்கு அர்த்தமில்லை. யாரும் கவனிக்காவிட்டாலும் பிழைத்துக்கொள்ளும் சாதிகள் அங்கே குடியிருந்தன. போத்தாக வெட்டி ஊன்றியதற்குப் பிறகு ஒருவரும் திரும்பிப் பார்க்காத முருங்கை, பங்குனியிலும் சித்திரையிலும்தான் கை வலிக்க வலிக்கப் பறிக்கும் அளவுக்குக் காய்க்கும். வேலியில் சுண்டை. கிணற்றடியில் மணத்தக்காளி, தானாக முளைத்தது. தண்ணீர்ப் பங்கீட்டுக்கு எழுதாத சட்டம் ஒன்று இருந்தது: அரிசி களைந்தது மாட்டுக்கு, பாத்திரம் கழுவியது வாழைக்கு, குளித்தது சேம்புக்கு. “தம்பி, அங்ஙனயே நின்னு குளிக்காத. கறிவேப்பிலைப் பக்கமா தள்ளி நின்னு ஊத்திக்க” என்பார் அப்பாயி. நாங்கள் குளித்தோம், அது வளர்ந்தது. இதற்குச் ‘சாம்பல் நீர் மறுபயன்பாடு’ என்று ஒரு பெயர் இருப்பதை நான் ஓய்வுபெற்ற பிறகுதான் படித்தேன்.

விதை விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். நடுப்பருவத்தில் வரும் நல்ல புடலங்காய் ஒன்றின் காம்பில் சிவப்பு நூல் கட்டிவிட்டால், வீட்டில் ஒருவரும் அதைத் தொடக் கூடாது. அது செக்கச் செவேலென்று பழுத்துத் தானாக வெடிக்கும்போது விதையை எடுத்து, ஈரச் சாணத்தில் வைத்து அழுத்தி, வறட்டியாகச் சுவரில் தட்டிவிடுவார் அப்பாயி. கோடை முழுக்க அது சுவரோடு காயும். பூச்சி அண்டாது, எலி தொடாது. ஆடியில் வறட்டியைப் பெயர்த்து உடைத்தால் விதை, அப்படியே குழியில். எரு தனியாக வேண்டாம்.

இன்றைக்கு வறட்டி இணையத்தில் கிடைக்கிறது. டஜன் கணக்கில், அட்டைப்பெட்டியில், விதை இல்லாமல். எங்கள் தெருவில் ஒரு மாடுகூட நடப்பதில்லை என்பதால் நானும் ஒரு பெட்டி வாங்கினேன். அடுப்புச் சாம்பலும் பாக்கெட்டில் வருகிறது. அவரையில் அசுவினி கண்டால் அப்பாயி அடுப்பிலிருந்து ஒரு கை அள்ளிக்கொண்டு போய்ப் பனி ஈரம் காய்வதற்குள் தூவிவிட்டு வருவார். நம்முடையது கேஸ் அடுப்பு. அது சாம்பல் தராது, பில்தான் தரும்.

மண்ணும் அப்படியே; மாடியில் அதன் இடத்தில் தென்னைநார்தான். பொள்ளாச்சிப் பக்கம் கயிறு ஆலைகளுக்கு வெளியே தென்னைநார்க் கழிவு மேடு மேடாகக் கிடக்கும். எடுத்துப்போக ஆள் கிடைக்காத சரக்கு. இன்று அதை அழுத்திச் செங்கல்லாக்கி விற்கிறார்கள். அந்தக் கட்டியை வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் உப்பி வாளியை விட்டு வெளியே வரும். ஆனால் உப்பு இருக்கும், இரண்டு மூன்று முறை அலச வேண்டும். சென்னையில் மே மாதம், லாரித் தண்ணீரில், தேங்காய் மட்டையைக் குளிப்பாட்டுவது எப்பேர்ப்பட்ட வைபவம் என்பது செய்தவர்களுக்குத் தெரியும். அரசாங்கமே 2013-இல் சென்னையிலும் கோவையிலும் பை, நார்க்கட்டி, விதை எல்லாம் சேர்த்து மானிய விலையில் மாடித்தோட்டத் தளை கொடுக்க ஆரம்பித்தது. நல்ல திட்டம். ஆடிப்பட்டம் பார்த்து விதைத்தவர்கள் நன்றாகவே பறித்தார்கள். எங்கள் குடியிருப்பில் விடுமுறை பார்த்துத்தான் விதைப்போம். பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுவது மே மாதம்.

மாடியில் முதல் எதிரி வெயில் என்று நினைத்திருந்தேன். இல்லை, சங்கச் செயலாளர். ஒரு நாள் காலையில் வாசலில் வந்து நின்றார்.

“சார், உங்க வெண்டைக்காய் எங்க பெட்ரூம் சீலிங்ல சொட்டுது.”

“சொட்டு நீர்ப்பாசனம் சார் அது” என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பைகளுக்குக் கீழே இரும்பு ஸ்டாண்டு வந்தது. தோட்டத்துக்கு நான் செலவழித்ததில் பாதி அந்த ஸ்டாண்டுக்குத்தான்.

இரண்டாவதுதான் வெயில். அதிலும் பகல் வெயில் இல்லை, ராத்திரி. இதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. பகலில் 35 டிகிரிக்கு மேல் போனால் தக்காளிப் பூவின் மகரந்தம் சோடை போக ஆரம்பிக்கிறது. சாயங்காலம் குளிர்ந்தால் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். சென்னையில் மே மாதம் ராத்திரியிலும் 27, 28 டிகிரி. காற்றில் கடல் ஈரம் வேறு. செடி தழைக்கும், பூக்கும், பூ காம்போடு உதிரும். எரு போதவில்லை என்று பஞ்சகவ்யம் தெளிக்கிறோம். செடி இன்னும் கொழுத்து, இன்னும் அதிகமாகப் பூத்து, இன்னும் அதிகமாக உதிர்க்கும். அதன் தப்பில்லை. இந்த உஷ்ணத்தில் குடும்பம் நடத்த முடியாது என்று அது சொல்லிப் பார்க்கிறது, நாம் கேட்பதில்லை.

கேட்காதவர்களில் எங்கள் எதிர்வீட்டுப் பையனுக்கு முதலிடம். மென்பொருள் வேலை. காலையில் ஆறு மணிக்கெல்லாம் பேட்டரி பல்துலக்கியோடு மாடிக்கு வந்துவிடுவான். பல் தேய்க்க இல்லை. தக்காளிப் பூங்கொத்தின் காம்பில் வைத்து அதை ஓடவிடுவான். வண்டு வந்து உதறுகிற மாதிரி அதிர்ந்து மகரந்தம் கொட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. முறை சரியானதுதான், மார்கழியில் செய்தால் காய்க்கும். மேயில் கொட்டுவதற்கு உயிருள்ள மகரந்தம் வேண்டுமே. “அங்கிள், நான் பண்றது சரியா?” என்று கேட்டான். “பூ பளிச்சுனு இருக்குப்பா” என்றேன்.

தண்ணீர் இன்னொரு கூத்து. மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயைச் சாயங்காலம் நாலு மணிக்குத் திறந்தால் முதல் இரண்டு வாளித் தண்ணீரில் காபி கலக்கலாம். அதைச் செடிக்கு விட்டால் வேர் வெந்துவிடும். ஆகவே வாளியில் பிடித்து வைத்து, ஆறவிட்டு, இருட்டின பிறகு ஊற்றுகிறோம். 2019-இல் சென்னைக்குக் குடிநீர் தந்த ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் வில்லிவாக்கத்துக்கு வந்து இறங்கியதே, அந்த ஜூலையில் மாடித்தோட்டம் பற்றிப் பேசினாலே அண்டை அயலார் முறைத்தார்கள். அப்போது கைகொடுத்தது ஏ.சி. மெஷின். அறைக்குள் இருக்கும் ஈரத்தைப் பிழிந்து குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக வெளியே தள்ளுகிறதே, அதை வாளியில் பிடித்தோம். மழைத்தண்ணீர் மாதிரி உப்பில்லாத தண்ணீர், ஒரு ராத்திரியில் பாதி வாளி தேறும். என் மனைவி கறிவேப்பிலைத் தொட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் அந்தக் குழாய்க்கடியிலேயே வைத்துவிட்டாள். அன்று நாங்கள் குளித்துக் கறிவேப்பிலை வளர்த்தோம். இன்று தூங்கி வளர்க்கிறோம். அதே ஏ.சி.யின் வெளிப்பெட்டி மாடியில் உட்கார்ந்துகொண்டு அனலாக ஊதி, பக்கத்திலிருந்த புதினாவைக் கருக்கிவிட்டது தனிக் கதை.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டி ஓடியபோது, சென்னையில் ரேஷன் கடைகளில் அறுபது ரூபாய்க்கு விற்றார்கள். மாடித்தோட்டக்காரர்களுக்கு அது பெருமைப்பட வேண்டிய நேரம். எங்கள் மாடியிலும் செடிகள் இடுப்பளவு நின்றன. கீழ்வீட்டு அம்மாள் மூக்கில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, “பரவாயில்லையே, உங்களுக்கு இனிமே தக்காளிக் கவலையே இல்ல” என்றார். நான் பைக்குள் மடித்து வைத்திருந்த ரேஷன் கார்டை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டேன்.

அந்த வருஷமும் காய்த்தவை இருக்கத்தான் செய்தன. யாரோ கொடுத்தார்களே என்று ஓரப் பையில் போட்டுவைத்த கொத்தவரை. நிழல்வலைக்கு வெளியே, ஸ்டாண்டு இல்லாமல், ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரில், கொத்துக் கொத்தாகத் தொங்கியது. பக்கத்தில் வெண்டை. பைக்கு அடியில் விழுந்த விதையில் முளைத்த தண்டுக்கீரை. என் மகள் கொத்தவரையைப் பார்த்து, “இதை யாருப்பா சாப்பிடுவா?” என்றாள். வற்றல் போடலாம் என்றேன். அதைத்தான் பாக்கெட்டில் விற்கிறார்களே என்றாள். விற்கிறார்கள், ‘வெயிலில் உலர்த்தியது’ என்று கொட்டை எழுத்தில் போட்டு. அந்த வெயிலுக்கும் சேர்த்துத்தான் விலை.

இந்த மே மாதம் நாற்றுக்கடைக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: தக்காளி நாற்றை எடுக்காதீர்கள், கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும். கொத்தவரையும் வெண்டையும் விதையாக வாங்கிப் பையிலேயே ஊன்றுங்கள், கீரை தூவுங்கள். மேல்மண் தெரியாமல் காய்ந்த இலையைக் கனமாகப் போட்டு மூடுங்கள். தண்ணீர் காலை ஏழு மணிக்குள். தக்காளி எங்கும் போய்விடாது. மழை ஓய்ந்து கார்த்திகைக் கடைசியில் நட்டால், வலையும் வேண்டாம், பல்துலக்கியும் வேண்டாம், அது பாட்டுக்குக் காய்க்கும். அந்தச் சமயத்தில் சந்தையிலும் கிலோ இருபது ரூபாய்க்கு வந்துவிடும். அதற்கு நான் பொறுப்பில்லை.