ஸ்கிரீனை மூடுங்க!

என் ரத்தத்தில் வைட்டமின் டி அளவு 9. குறைந்தது 20-ஆவது இருக்க வேண்டுமாம். போன செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "உடம்புல வெயிலே படறதில்லையா சார்?" என்றார். சென்னையில், கத்திரி வெயிலில், ஆட்டோ கிடைக்காமல் நடந்து வந்தவனைப் பார்த்துக் கேட்ட கேள்வி. அவர் அறைக்கு ஜன்னலே கிடையாது என்பது என் நாக்கு நுனிவரை வந்தது. 60,000 யூனிட் பவுடரை வாரம் ஒன்றாகப் பாலில் கலந்து 8 வாரம் குடிக்கச் சொன்னார். வாயை மூடிக்கொண்டு வாங்கி வந்தேன்.

வீட்டுக்குள் இயற்கை வெளிச்சம் இருந்தால் மூன்று நன்மைகள். அவற்றை எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் ஸ்கிரீன் பற்றி ஒரு வார்த்தை.

ஃபிளாட் பார்க்கப் போனால் நம் முதல் கேள்வி, "வெளிச்சம் வருமா?" வரும் என்றால் கூடுதலாகக் கொடுக்கவும் தயார். பத்திரம் பதிந்த மறுவாரமே தி. நகருக்குப் போய், காசு கொடுத்து வாங்கிய வெளிச்சத்தை மறைக்கத் துணி எடுக்கிறோம். அதுவும் இரண்டு அடுக்கு. விடிந்ததும் திறந்தால் எதிர் ஃபிளாட்காரர் பல் தேய்ப்பது தெரிகிறது, மூடு. எட்டு மணிக்குத் தூசி, மூடு. பத்து மணிக்கு டி.வி.யில் வெளிச்சம் அடித்து, சீரியலில் யார் அழுகிறார்கள் என்றே தெரியவில்லை; மூடு. பதினொன்றுக்கு, "என்னங்க, சோபா வெளுத்துடும்!" (வாங்கும்போதே சாம்பல் நிறம். இனி வெளுத்து எங்கே போகும்?) பன்னிரண்டுக்கு அனல். இரண்டுக்குத் தூக்கம். ஐந்துக்குக் கொசு. ஆறரைக்கு விளக்குப் போட்டால் நம் குடும்பமே தெருவுக்கு சினிமா. துணிந்து விலக்கினாலும், ஜன்னல் திட்டில் 'எதற்காவது உதவும்' என்று அடுக்கிய அட்டைப்பெட்டிகள்தான் முதலில் உள்ளே வருகின்றன. வெளிச்சம் அப்புறம்.

பாட்டி வீட்டு ஓட்டுக்கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு இருந்தது. அதற்கு யாரும் ஸ்கிரீன் தைக்கவில்லை. ஏணி இல்லாததுதான் காரணமாக இருக்கும்.

இத்தனையையும் மீறி நான்கு நாள் காலையில், கொசுவுக்காகக் கண்ணாடியை மட்டும் மூடிவிட்டு, ஜன்னலோரம் வடகம் மாதிரிக் காய்ந்தேன். ஐந்தாம் நாள் பிளஸ் டூ படிக்கும் மகள், "அப்பா, கண்ணாடி யு.வி.பி. கதிரை உள்ளே விடாது. அது தோல்ல பட்டாத்தான் வைட்டமின் டி. உனக்கு வேர்த்ததுதான் மிச்சம்" என்றாள். கண்ணாடியைத் திறந்தாலும் ஏழு மணி வெயிலில் அந்தக் கதிர் சொற்பம்; வெயில் ஏறினால்தான் உண்டு. வெயில் ஏறியபின் வெளியே வராதீர்கள் என்று அதே டாக்டரின் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது.

சரி, நன்மைகள். முதலாவது தூக்கம். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் ஒழுங்காக ஓடி, ராத்திரி நேரத்துக்குத் தூக்கம் வரும். அந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று அமெரிக்கர்களுக்கு 2017-இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். வெளியே நேர் வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். எங்கள் ஹாலில் நட்டநடுப் பகலில் டியூப் லைட் போட்டும் சில நூறு லக்ஸ் தேறினால் அதிகம். விடிந்ததா, இன்னும் இல்லையா என்று கடிகாரம் யாரைக் கேட்கும்?

இரண்டாவது நன்மையையாவது வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதலாம் என்று வீம்பாக எழுந்து, பெட்டிகளை இறக்கி, ஸ்கிரீனை விலக்கி, கண்ணாடியையும் திறந்தேன். ஹால் அப்படியே இருட்டாக இருந்தது.

மூன்றாவது மாடிக்காரர்களே, பால்கனியிலிருந்து எங்கள் ஜன்னல்வரை தொங்கும் அந்த நீலப் போர்வை நன்றாகக் காய்ந்துவிட்டது. தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.